பளபளப்பு அடியில் இருக்கிறது

பழைய காரின் பிளாஸ்டிக் எம்ப்ளம் மங்கிப்போய்விட்டது, என்ன செய்யலாம் என்று யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “குரோமை முழுசா உரிச்சுட்டுப் பெயின்ட் அடிச்சிடு.” இந்தப் பதில் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. தப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சில எம்ப்ளங்களுக்கு வேறு வழியே கிடையாது. ஆனால் எதை உரிக்கிறோம், எதுவரை உரிக்கிறோம், உரித்த பிறகு கையில் மிஞ்சுவது என்ன என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது. பெயின்ட் சரியாக விழவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். அச்சிலிருந்து வந்த கூர்மையான விளிம்பை உப்புத்தாள் தின்றுவிட்டால் போனது போனதுதான்.

புதிதாக ஒன்று வாங்கி ஒட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்குப் பெரும்பாலும் புதிய எம்ப்ளம் கிடைப்பதில்லை. கிடைக்கிற நகல்களில் எழுத்தின் தடிமன் மாறியிருக்கும், வளைவு மழுங்கியிருக்கும், பின்பக்க முளைகள் பாடியிலுள்ள துளைகளோடு ஒத்துப்போகாது. அந்தக் காரை வரைந்தவர்கள் எழுத்தின் சாய்வைக்கூட யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரிஜினலைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

உறுத்தல் ஒரு கேள்வியாக உருவெடுத்தது ஒரு நண்பர் மூலமாக. என்னைவிட வயதில் இளையவர், பழைய கார்களின் மீது தீராத ஆசை. ஒரே காரிலிருந்து கழற்றிய இரண்டு எம்ப்ளங்களை எடுத்து வந்தார். ஒன்று முன் கிரில்லில் இருந்த வட்டச் சின்னம், மற்றொன்று டிக்கி மூடியில் சாய்வெழுத்தில் இருந்த மாடல் பெயர். இரண்டும் பிளாஸ்டிக், இரண்டிலும் குரோம், இரண்டும் ஒரே அளவுக்கு வயதானவை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றி இரண்டையும் சேர்த்தே மூழ்க வைத்தோம். சாய்வெழுத்தின் ஓரங்களில் சீக்கிரமே சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. குரோம் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கரைந்துகொண்டே வந்து, கடைசியில் கறுப்புப் பிளாஸ்டிக் மட்டும் தெரிந்தது. வட்டச் சின்னம் மறுநாள் காலையிலும் போட்டது போட்டபடியே கிடந்தது. “ஏண்ணே, ஒரே கார், ஒரே பிளாஸ்டிக், ஒரே தண்ணியிலதான் போட்டோம். ஒண்ணு போயிடுச்சு, ஒண்ணு அசையவே மாட்டேங்குதே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு முழுமையாகப் பதில் தேடப் போய்த்தான் எம்ப்ளங்களைப் பற்றிய என் எண்ணமே மாறிப்போனது.

இரண்டு வகைக் குரோம்

கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். வட்டச் சின்னத்தில் இருந்தது நிஜமான மின்முலாம். பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது, அப்படியிருக்க அதில் முலாம் எப்படிப் பிடிக்கும்? இதற்கு விடை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. அதற்குள் பியூட்டாடையீன் ரப்பர் நுண்ணிய உருண்டைகளாகச் சிதறிக் கிடக்கிறது. குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான தொட்டியில் முக்கினால், மேற்பரப்பிலுள்ள ரப்பர் உருண்டைகளை மட்டும் அமிலம் அரித்து எடுத்துவிடும். அந்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அடுத்துப் பல்லேடியம் என்ற உலோகம் விதைபோல ஏற்றப்பட்டு, மின்சாரம் இல்லாமலே நிக்கலோ செம்போ மெல்லிசாகப் படிய வைக்கப்படும். அந்தப் படலம் குழிகளுக்குள் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல்தான் மின்சாரத்தின் உதவியால் செம்பு, நிக்கல், கடைசியாகக் குரோம். 1960களில் தொழிற்சாலைகளுக்கு வந்த இந்த முறை கார்களின் முகத்தையே மாற்றியது. அதுவரை துத்தநாக வார்ப்பில் செய்த கனமான எம்ப்ளங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறகுபோல லேசானவையாக மாறின.

இந்த அடுக்குகளின் தடிமனைத் தெரிந்துகொண்டால் பல விஷயங்கள் விளங்கும். செம்பு பொதுவாக 15 முதல் 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), நிக்கல் 10 மைக்ரான் அல்லது அதற்கு மேல். ஊரே பெயர் சொல்லி அழைக்கும் குரோம் மட்டும் கால் மைக்ரான் அளவில்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒளியை வழவழப்பாகத் திருப்பி அனுப்பும் தளத்தைத் தருவது நிக்கல், அதற்குக் கீழே மேடுபள்ளங்களை நிரவுவது செம்பு. குரோம் கீறல் விழாமல் காத்து, அந்த நீலம் கலந்த குளிர்ந்த நிறத்தைச் சேர்க்கிறது.

செம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெயிலில் ஏபிஎஸ் செம்பைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக விரியும். மேலே இருக்கும் நிக்கல் அந்த அளவுக்கு விரியாது. இடையில் இருக்கும் மென்மையான செம்பு இரண்டு பக்க இழுபறியையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் தாங்கிய பிறகு எங்காவது பிடி விட்டால்தான் கொப்புளம் கிளம்புகிறது. அந்தக் கொப்புளத்தின் ஓரத்தில் பச்சை படிந்திருந்தால் ஈரம் செம்புவரை இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

சாய்வெழுத்தில் இருந்தது வேறு. அதில் குரோமே கிடையாது, அலுமினியம்தான். வெற்றிடத்தில் அலுமினியத்தைச் சூடேற்றி ஆவியாக்கினால், அது நேர்கோட்டில் பறந்து எதிரே இருக்கும் பொருளின்மீது படிந்துவிடும். படலத்தின் தடிமன் 0.1 மைக்ரான் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். அந்த அலுமினியத்துக்கு அடியில் வார்னிஷ்போலப் பளபளப்பாக உறையும் ஒரு லாக்கர் பூச்சு, மேலே பாதுகாப்புக்கு இன்னொரு லாக்கர் பூச்சு. பிளீச்சிங் திரவம் காரத்தன்மை கொண்டது. மேல்பூச்சில் விரிசலோ, விளிம்பில் இடைவெளியோ கிடைத்தால் காரம் உள்ளே நுழைந்து அலுமினியத்தைக் கரைத்துவிடும். நாங்கள் பார்த்த குமிழிகள் அப்போது வெளிவந்த ஹைட்ரஜன். நிஜ குரோமையும் நிக்கலையும் அந்தக் காரம் அவ்வளவு எளிதில் தொடாது. வட்டச் சின்னம் அசையாமல் கிடந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

எந்த வகை என்று திரவத்தில் போடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம், போடாமலே கண்டுபிடிப்பதுதான் முறை. எம்ப்ளத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மின்முலாம் தொட்டியில் முங்கி எழுவது, அதனால் பின்புறமும் முளைகளும்கூடப் பளபளக்கும். அலுமினிய ஆவி நேர்கோட்டில் வருவது, அதனால் முன்பக்கம் மட்டும் மின்னும், பின்புறம் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும், ஓரங்களில் லேசான புகைபோலப் படிந்திருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனைகளையும் மேற்பரப்பில் வைத்துப் பாருங்கள். மின்முலாம் என்றால் மின்சாரம் தாராளமாகப் பாயும். லாக்கர் மூடிய அலுமினியத்தில் மீட்டர் அசையாது. சேதத்தின் முகமும் வேறுவேறு. மின்முலாம் கொப்புளித்துச் செதிலாகப் பெயரும், அந்தச் செதிலின் விளிம்பு பிளேடுபோல விரலை அறுக்கும். அலுமினிய வகையில் மேல்பூச்சு மஞ்சளிக்கும், பாலாடை படிந்தாற்போல வெளுக்கும், உள்ளே உலோகம் ஆக்சைடாகி ஒளி ஊடுருவும்படி ஆகித் திட்டுத்திட்டாகக் காணாமலே போய்விடும்.

இன்னும் இரண்டு வகைகளும் உண்டு. எழுத்தின் தட்டையான மேல்முகம் மட்டும் மின்னி, பக்கங்கள் கறுப்பாக இருந்தால் அது சூட்டில் அழுத்தி ஒட்டிய மெல்லிய படலம். முன்பக்கம் கண்ணாடிபோன்ற அக்ரிலிக்காக இருந்து, நிறமும் உலோகமும் பின்பக்கம் இருந்தால் அதில் ஆல்கஹாலோ தின்னரோ கொண்டு முன்பக்கத்தைத் துடைக்கவே கூடாது. அக்ரிலிக்கில் நுண்விரிசல் ஓடிவிடும்.

உரித்த பிறகும் மின்னிய எழுத்து

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தச் சாய்வெழுத்தைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தோம். நண்பர் கையில் 400 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், தயாராக இருந்தது (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்). உரித்தாயிற்று, அடுத்து தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் பெயின்ட் பிடிக்கும் என்பது அவர் கணக்கு, பொதுவாக எல்லோர் கணக்கும் அதுதான். அவர் எழுத்தை எடுத்துத் திருப்பியபோது அறையின் டியூப் லைட் அதில் விழுந்தது. கறுப்பு எழுத்தின் வளைவில் அந்த வெளிச்சக் கோடு ஓர் இடத்திலும் உடையாமல், நெளியாமல், முதல் எழுத்தின் வால் தொடங்கிக் கடைசி எழுத்தின் நுனிவரை வழுக்கிக்கொண்டு ஓடியது. குரோம் என்று நாங்கள் நினைத்தது கரைந்து சாக்கடையில் போய்விட்டது. பளபளப்பு மட்டும் அப்படியே இருந்தது. “இருப்பா, தேய்க்காதே” என்று நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தேய்க்க இருந்தது பிளாஸ்டிக்கை அல்ல. அலுமினியத்துக்கு அடியில் தொழிற்சாலையில் பூசிய லாக்கரை. அச்சில் விழுந்த சின்னச் சின்னக் குறைகளை மூடி, கண்ணாடித் தளம்போல வழிந்து சமனாகி உறைந்த பூச்சு அது. 0.1 மைக்ரான் அலுமினியத்தால் எதையும் சமன் செய்ய முடியாது. அடியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே காட்டுவது மட்டுமே அதால் முடியும். அடியில் வழவழப்பு இருந்தால் கண்ணாடி, சொரசொரப்பு இருந்தால் சாம்பல். அந்தக் காரைப் பார்த்தவர்கள் இத்தனை ஆண்டுகளாக ரசித்ததெல்லாம் அந்த லாக்கரின் வழவழப்பைத்தான்.

வானியல் நிலையங்களில் இதை வழக்கமான நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். ஜான் ஸ்ட்ராங் என்ற இயற்பியலர் 1935இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு வெற்றிடத்தில் அலுமினியம் பூசினார். அன்று முதல் பெரும்பாலான பெரிய தொலைநோக்கிகளின் கண்ணாடிகளுக்கு இதுதான் வழி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மங்கிய அலுமினியத்தை ரசாயனத்தால் கரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். உலோகம் போய்ப் போய் வரும், பார்த்துப் பார்த்து மெருகேற்றிய கண்ணாடித் தளத்தை யாரும் தொடமாட்டார்கள். அதன்மீது உப்புத்தாள் வைப்பதை அங்கே யாராலும் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஒரு கார் எம்ப்ளத்தை அதனோடு ஒப்பிடுவது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் நடப்பது ஒரே காரியம். அலுமினியமும் ஒன்று, வெற்றிடமும் ஒன்று, தடிமனும் ஏறக்குறைய ஒன்று.

“உரித்துவிடு” என்ற அறிவுரையில் என்னை உறுத்தியது என்ன என்று அப்போதுதான் பிடிபட்டது. நாம் எல்லோரும் உலோகத்தைப் பற்றியே கவலைப்படுகிறோம். எந்த ஸ்ப்ரே நல்ல குரோம் தரும், எந்தக் குரோம் பேனா நன்றாக மின்னும் என்று தேடிக்கொண்டே இருக்கிறோம். உழைப்பு போக வேண்டிய இடம் அதுவல்ல, உலோகத்துக்கு அடியில் இருக்கும் தளம். அந்தத் தளம் நல்ல நிலையில் இருந்தால் அதைக் காப்பாற்றுவதுதான் வேலையின் பெரும்பகுதி.

அப்படியென்றால் உரிக்கும்போதே அளவு தெரிய வேண்டும். வீட்டுப் பிளீச்சிங் திரவத்தை நீர் கலந்து பயன்படுத்தினால் நேரம் கூடுதலாகும், ஆனால் அடிப்பூச்சு பிழைத்துக்கொள்ளும். காஸ்டிக் சோடா வேகமாக வேலை செய்யும், அதே வேகத்தில் லாக்கரையும் கிளப்பக்கூடும், பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாகமாக இருந்தால் பிளாஸ்டிக்கையே தாக்கும். மேல்பூச்சை இளக்க பிரேக் ஆயிலில் ஊறவைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். பிரேக் ஆயில் பட்டால் ஏபிஎஸ் அழுத்தம் இருக்கும் இடங்களில் விரிசல் விடும், மெல்லிய முளைகள்தான் முதலில் முறியும். அசிட்டோன், லாக்கர் தின்னர் இரண்டும் ஏபிஎஸ்ஸைக் கரைத்தே விடும். துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். அலுமினியம் மறைந்த உடனே வெளியே எடுத்து, ஓடும் தண்ணீரில் கழுவி, மென்மையான டூத் பிரஷ்ஷால் எழுத்து இடுக்குகளைச் சுத்தம் செய்து, டியூப் லைட்டின் கீழே பிடித்துப் பாருங்கள். வெளிச்சக் கோடு உடையாமல் ஓடினால் அந்தத் தளம் உங்களுக்குக் கிடைத்த கொடை. எங்காவது நெளிந்தால் அந்த இடத்தில் மட்டும் 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு விரல் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் போதும். அடிப்பூச்சு பல இடங்களில் கிளம்பிப் போயிருந்தால் வேறு வழியில்லை, பிரைமரிலிருந்து தொடங்கி புதுத் தளம் கட்ட வேண்டும்.

குரோம் பெயின்ட் அடிப்பதானால் இந்தத் தளத்தின்மேல் நல்ல பளபளப்பான கறுப்பு ஒன்று வேண்டும். மின்னும் அடிப்பூச்சின் மேல் அது பிடிக்க, அழுத்திச் சொரசொரப்பாக்கத் தேவையில்லை. மிக நைசான தேய்ப்புப் பஞ்சால் ஒருமுறை லேசாகத் தொட்டு, ஆல்கஹாலால் துடைத்தால் போதும், அந்த அளவுக்கான நுண்கீறல்களைக் கறுப்பு தானே வழிந்து மூடிவிடும். கறுப்பு முழுசாகக் காய்ந்து, அதில் உங்கள் முகம் தெளிவாகத் தெரிந்த பிறகே குரோம். அந்தப் பெயின்ட் என்பது மிக மெல்லிய அலுமினியச் செதில்கள் மிதக்கும் கரைப்பான். செதில்கள் தட்டையாகப் படுத்தால் கண்ணாடி. ஈரமாக, கனமாக அடித்தால் அவை தாறுமாறாகச் சாய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். அதனால் பனிபோல மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காயக் காய அடிக்க வேண்டும். கறுப்பு மறைந்து மறையாத அந்த எல்லையில்தான் குரோம் மிக நன்றாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் அடித்தால் நல்லது என்று கை துடிக்கும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதன்மேல் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் செதில்களைக் கிளப்பிப் பளபளப்பைக் கொஞ்சம் குறைக்கும். அடிக்காவிட்டால் கைபட்டே தேயும். கையே படாத இடத்திலுள்ள எம்ப்ளம் என்றால் கிளியர் வேண்டாம் என்பேன். டிக்கியைத் திறக்கக் கைவைக்கும் இடம் என்றால் குரோமை நாள்கணக்கில் நன்றாகக் காயவிட்டு மெல்லிய கிளியர் அடிக்கத்தான் வேண்டும். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் கிளியரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டி பொருத்திய முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

வட்டச் சின்னத்தை ஏன் உரிக்கவில்லை

மின்முலாம் பூசிய எம்ப்ளத்தை உரிக்க முடியாது என்றில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் மேலிருக்கும் குரோம் குமிழிட்டுப் பச்சை நிறமாகக் கரைந்துவிடும். அடியில் லேசான மஞ்சள் சாயலோடு நிக்கல் தெரியும். அதையும் செம்பையும் எடுக்க ஃபெரிக் குளோரைடு வேண்டும், பொறுமையும் வேண்டும். இந்த அமிலத்தின் பக்கத்தில் பிளீச்சிங் திரவம் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். முதலில் ஒன்றில் போட்டு, சரியாக வரவில்லை என்று கழுவாமல் மற்றதில் போடுவதுதான் இந்த வேலையில் மிக ஆபத்தான தருணம். பேட்டரி சார்ஜரையும் காரக் கரைசலையும் வைத்து மின்சாரத்தால் குரோமை எடுக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கரைசல் மஞ்சளாக மாறினால் அதில் ஆறிணைதிறன் குரோமியம் இருக்கிறது என்று அர்த்தம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியம், முலாம் தொட்டிகளில் பயன்படும் இதே வகைப் பொருளான குரோமியம் டிரைஆக்சைடை 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தியதும் இதனால்தான். தொழிற்சாலைகளே தயங்கும் பொருளை வீட்டு வாளியில் தயாரிக்க வேண்டிய அவசியம் ஒரு எம்ப்ளத்துக்கு இல்லை.

ஆபத்தை விடுங்கள், உரித்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். முலாமுக்கு அடியில் இருக்கும் ஏபிஎஸ் அமிலத்தில் குழி விழுந்த மங்கலான தளம். இங்கே பளபளப்பைத் தந்தது செம்பும் நிக்கலும். அவற்றை எடுத்துவிட்டால் சாய்வெழுத்தில் இருந்ததுபோல அடியில் காத்திருக்கும் வழவழப்பு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பிரைமர், தேய்ப்பு, கறுப்பு என்று முதலிலிருந்து கட்ட வேண்டும். அப்படிக் கட்டும்போது சின்ன எழுத்துகளின் ஓரங்கள் உருண்டுபோகும். பழைய ஏபிஎஸ்ஸில் மறுபடி மின்முலாம் பூசித் தரவும் பல பட்டறைகள் தயங்கும். வெயிலில் வயதான பிளாஸ்டிக் அமிலத் தொட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களுக்கே உறுதி இருக்காது.

வட்டச் சின்னத்தில் கீழ்விளிம்பில் மட்டும்தான் கொப்புளம் இருந்தது. மற்ற இடங்களில் அழுக்கும் தண்ணீர்க் கறையும். பிடி விட்டிருந்த செதில்களை மட்டும் கூர்மையான கத்தியால் வெட்டி எடுத்தோம், நன்றாகப் பிடித்திருந்ததைத் தொடவில்லை. வெட்டிய இடத்தில் முலாமுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே உள்ள படி முப்பது நாற்பது மைக்ரான்தான். 400 நம்பர் தாளால் அந்த விளிம்பைச் சரிவாக்கினால் செம்பு, நிக்கல், குரோம் மூன்றும் மூன்று நிற வளையங்களாக விரிந்து தெரியும். அந்த வளையங்கள் அகலமாகத் தெரிந்தால் சரிவு போதும், இனி விரலுக்குப் படி தட்டாது. அதன்மேல் நிரப்பும் பிரைமர் இரண்டு பூச்சு, 1000 நம்பர் தேய்ப்பு, கறுப்பு, அந்த இடத்தில் மட்டும் குரோம். மீதிப் பரப்புக்குச் சோப்புத் தண்ணீரும் மென்மையான மெட்டல் பாலிஷும் போதுமானதாக இருந்தன. குரோம் கடினமானது, தண்ணீர்க் கறைக்குச் சளைக்காது.

ஒட்டுப்போட்ட இடம் தெரியாதா என்றால், உற்றுப் பார்த்தால் தெரியும். காரணம் உலோகத்தின் நிறம். குரோம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 65 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், அலுமினியம் 90 சதவீதம் அளவுக்கு, வெள்ளி அதற்கும் மேலே. அதனால் நிஜ குரோம் எப்போதும் கொஞ்சம் கறுத்த, ஆழமான கண்ணாடியாக இருக்கும். அலுமினியப் பெயின்ட் அதன் பக்கத்தில் வெளிறித் தெரியும். இதைக் குறைக்கக் கடைசியில் அடிக்கும் மெல்லிய கிளியரில் ஒரு சொட்டுக் கறுப்பும் அதைவிடக் குறைவாக நீலமும் கலந்தால் நிறம் நெருங்கி வருகிறது.

இதே காரணத்தால்தான் வெள்ளி ஸ்ப்ரே முறையில் எனக்குத் தயக்கம் உண்டு. ஜெர்மானிய வேதியியலர் லீபிக் 1835இல் ஆல்டிஹைடுகள் என்ற கரிமச் சேர்மங்களை ஆராய்ந்தபோது கண்ணாடிமேல் வெள்ளி படிவதைக் கவனித்தாரே, அதன் தொடர்ச்சிதான் அது. இரண்டு கரைசல்கள் பரப்பின்மேல் சந்தித்து நிஜ வெள்ளியாகவே படியும், செதில் பெயின்ட் எதுவும் அதன் அழகுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் காரின் மற்ற பாகங்களிலெல்லாம் நிஜ குரோம் இருக்கும்போது எம்ப்ளம் மட்டும் வெள்ளியாக வெளிச்சமிட்டால் கண் அதிலேயே போய் நிற்கும். சாயம் சேர்த்த கிளியரால் அடக்கினால்தான் இணங்கும். கூடவே ஒன்று: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலைக் கலந்துவைத்துச் சேமிக்கக் கூடாது, நாள்பட்டால் வெடிக்கக்கூடிய பொருள் அதில் உருவாகும்.

நிறம் நிரப்புவதும் ஒட்டுவதும்

எழுத்துக்கு இடையிலுள்ள பள்ளங்களில் கறுப்போ சிவப்போ நிரப்பியிருந்தால் அதைக் கடைசியில் செய்ய வேண்டும். குரோம் பெயின்டின்மேல் லாக்கர் பெயின்ட் போனால் கரைத்துவிடும், எனாமல் பாதுகாப்பு. எனாமலைத் தண்ணீராக இளக்கி, பிரஷ் நுனியால் பள்ளத்தின் நடுவில் ஒரு சொட்டு வைத்தால் அது தானே ஓரங்களுக்கு ஓடிப் போய் நிற்கும், கோடு வரைய வேண்டாம். மேட்டில் வழிந்ததைத் துடைக்க விரலில் துணி சுற்றினால் துணி பள்ளத்துக்குள் இறங்கி நிறத்தையும் எடுத்துவரும். தட்டையான கட்டையில் துணியை இழுத்துச் சுற்றி, டர்பன்டைன் லேசாகத் தொட்டு, மேட்டின்மேல் மட்டும் ஓட்டினால் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். அந்தச் சாய்வெழுத்தில் இந்த வேலைக்குத்தான் நண்பர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார், பலனும் தெரிந்தது.

காரில் மறுபடி பொருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. கழற்றும் முன்பே எம்ப்ளத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் எல்லை போட்டு வைத்திருந்தால் திரும்ப வைக்கும்போது அளவெடுக்க வேண்டியதில்லை. ஒட்டியிருக்கும் எம்ப்ளத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக்கும் முறியும், பாடி பெயின்டும் போகும். ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுப்பதுபோல இழுத்தால் நுரை டேப் இரண்டாகப் பிரிந்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும், ஏபிஎஸ் 90 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் வளையத் தொடங்கும். முளைகள் உள்ள எம்ப்ளத்தை உள்பக்கத்துக் கிளிப்பை எடுத்த பிறகே வெளியே இழுக்க வேண்டும்.

ஒட்டும்போது இரட்டைப் பக்க அக்ரிலிக் நுரை டேப்பை எழுத்தின் விளிம்பைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அழுக்கும் சேராது. பாடியை ஆல்கஹாலால் துடைத்து, எம்ப்ளத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்துங்கள். அந்த டேப்புக்கு முழுப் பிடி வர அறை வெப்பத்தில் 72 மணி நேரம் வேண்டும். அதுவரை காரைக் கழுவ வேண்டாம், அதன் பிறகும் உயர் அழுத்தத் தண்ணீரை எம்ப்ளத்தின் ஓரத்தை நோக்கி நேராகப் பீய்ச்ச வேண்டாம்.